தாய்மாமன் மடியில் ஒரு தடுப்பூசி

எங்கள் பக்கத்தில் ஒரு காரியம், வாயால் கேட்கிற வரைக்கும்தான் நம்முடையது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்டுவிட்டால் அது சொந்தக்காரர்களுடையதாகிவிடும். அதன் பிறகு நாம் அதில் ஒரு விருந்தாளி. நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்ளலாம், அவ்வளவுதான்.

இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தே தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். அதன் பலனாக ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், புதுக்கோட்டையில் ஒரு குழந்தைகள் மருத்துவமனை வாசலில், ஓர் ஆட்டுக்கிடாய்க்கும் ஒரு ஃபிளெக்ஸ் பேனருக்கும் உடைந்துபோன ஒரு நாற்காலிக்கும் பதில் சொல்ல வேண்டியவனாக நின்றேன்.

திருமயத்தில் எனக்கு உரக்கடை. யூரியா மூட்டைக்கும் பூச்சிமருந்து அலமாரிக்கும் நடுவே உட்கார்ந்து, சிற்றிதழ்களுக்கு உரைநடைக் கவிதை எழுதுகிறேன். (வீட்டில் இதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. "அந்த எழுத்து வேலை" என்பதோடு சரி.) மழையை எழுதுவேன், கண்மாய்த் தண்ணீரின் மேல் காற்று நடந்து போவதை எழுதுவேன். உடம்பைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறேன், உறுப்புகளின் பெயரைச் சொல்லாமல். 'ஈரத்தின் வீடு', 'பிறப்பின் கதவு' என்று சுற்றிச் சுற்றி. படித்தவர்கள் ஆழமாக இருக்கிறது என்றார்கள். ஆழமெல்லாம் இல்லை, கூச்சம்.

என் மகள் யாழினி அப்போது எட்டாம் வகுப்பு. அவள் பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு பெண் மருத்துவரை அழைத்திருந்தார்கள். அவர் மைக்கைப் பிடித்ததும் எந்தச் சுற்றிவளைப்பும் இல்லாமல், "கருப்பை வாய்ப் புற்றுநோய்" என்று ஆரம்பித்தார். அந்த நொடியில் கூடத்தில் இருந்த அப்பாக்கள் அத்தனை பேரும் ஒன்றாக அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தோம். பழுதாகிக் கிடந்ததால் அது ஓடவில்லை. இருந்தாலும் பார்த்தோம்.

பெரும்பாலும் ஒரு வைரஸால் வருகிற நோய் இது, அந்த வைரஸ் உடம்புக்குள் வர வாய்ப்பு ஏற்படுகிற வயதுக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிட்டால் நல்ல பாதுகாப்பு, அதனால்தான் இந்த வயதிலேயே போடச் சொல்கிறோம் என்றார். எனக்குப் பின் வரிசையில் அம்மாக்கள் கிசுகிசுத்தார்கள்.

"சமைஞ்சு முழுசா ஒரு வருசம் ஆகல. இப்ப எதுக்குடி இந்த ஊசி?"

"போட்டா பிற்பாடு புள்ளை தங்காதாம்ல. எங்க நாத்தனா சொன்னா."

"அதை விடு. இனி பயமில்லன்னு நாமளே சொல்லிவிட்ட மாதிரி ஆயிராது? கண்டபடி திரியட்டும்னு?"

கடைசியாகச் சொன்னது மருத்துவர் காதில் விழுந்துவிட்டது. "அம்மா, டெட்டனஸ் ஊசி போட்டுக்கிட்டவங்க ஆணியைத் தேடித் தேடிப் போய் மிதிக்கிறாங்களா?" என்று கேட்டார். பிள்ளைப்பேற்றுக்கும் இந்த ஊசியால் ஒரு கெடுதலும் இல்லை என்று சொன்னார். கூடம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்கு ராஜாத்தி ஞாபகம் வந்துவிட்டது.

ராஜாத்தி என் மனைவி மலரின் அக்கா. சில வருஷங்களுக்கு முன் இறந்துபோனார். எங்கள் வீட்டில் அந்த நோய்க்கு 'வயித்துல கட்டி' என்று பெயர். எந்த வயிறு, என்ன கட்டி என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கடைசியாக நான் பார்த்தபோது அவர் கட்டிலில் சாய்ந்துகொண்டு, கண்ணாடி வளையல்கள் கழன்று விழாமலிருக்க அவற்றை முழங்கைக்கு மேலே ஏற்றி விட்டுக்கொண்டிருந்தார். ஏற்றிய வளையல்கள் இறங்கி இறங்கி வந்தன. அவரும் அலுக்காமல் ஏற்றினார்.

அன்று மாலையே மலரிடம் விஷயத்தைச் சொன்னேன். சொன்னேன் என்பது பெரிய வார்த்தை.

"யாழினிக்கு ஒரு ஊசி போடணுமாம்."

"என்ன ஊசி?"

"அதான்... அது வராம இருக்க."

"எது?"

"ஒங்க அக்காவுக்கு வந்துச்சுல்ல. அது."

மலர் அடுப்பைத் தணித்தாள். "அதுக்கு ஊசி இருக்கா?" என்று கேட்டாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. குழம்பை ஒரு முறை கிண்டினாள். பிறகு அம்மாவாகிவிட்டாள்.

"இருந்துட்டுப் போகட்டும். நாளைக்குப் பொண்ணு பாக்க வாரவங்க, இது எதுக்குப் போட்டீங்கன்னு கேட்டா என்ன சொல்றது? அக்காவுக்கு வந்துச்சு, அதான் போட்டோம்னு சொன்னா, இது குடும்ப நோயின்னு வந்த வழியே போயிருவாங்க."

"அவளுக்குப் பதிமூணு வயசு மலரு. யாரு வாரா பொண்ணு பாக்க?"

"ஒரு நாளைக்கு வருவாங்கல்ல? நீங்க பாட்டுக்கு எழுதிட்டுப் போயிருவீங்க. பதில் சொல்றவ நானு." கரண்டியைக் கீழே வைத்தாள். "எங்கண்ணன் சரின்னா சரி. வேணாம்னா வேணாம்."

அண்ணன் என்றால் செல்லத்துரை. ராஜாத்திக்குத் தம்பி, மலருக்கு அண்ணன், யாழினிக்குத் தாய்மாமன். மீமிசல் பக்கத்துக் கிராமம். குவைத்தில் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பி, இப்போது நெல்லும் கடலையும் போடுகிறார். என் தோள் உயரம்தான் இருப்பார். அந்தக் குறையைக் குரலில் சரிக்கட்டிவிடுவார்.

"சும்மா போகாதீங்க," என்றாள் மலர். "அக்கா போனதுல இருந்து அண்ணனுக்கு ஊசின்னாலே ஆகாது. தட்டோட போங்க. தட்டோட வந்த ஆளை அது வெறுங்கையோட திருப்பாது."

போர்த்தந்திரமாகப் பார்த்தால் அருமையான யோசனை. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மஞ்சள், ஒரு தேங்காய். தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "என்ன விசேசம்?" என்றார். "ஊசி," என்றேன். அவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

செல்லத்துரை தட்டைப் பார்த்ததும் எழுந்து நின்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வாங்க மாப்ள. தட்டோட வந்திருக்கீங்க? என்ன காரியம்?"

சொன்னேன். அவர் முகம் இருண்டுவிட்டது.

"ஊசியா? எங்கக்காவுக்கு ஊசி ஊசியாத்தானே குத்துனாங்க. கடைசில குத்துறதுக்கு ஒடம்புல எடமில்ல. என்னத்தைப் பொழைச்சுச்சு? போங்க மாப்ள. ஊசிய நான் நம்ப மாட்டேன்."

"மச்சான், அது வந்த பொறவு போட்டது. இது வர்றதுக்கு முன்னாடி போடுறது."

"எது வர்றதுக்கு முன்னாடி?"

"அதான்... அங்கிட்டு வர்றது."

"எங்கிட்டு?"

நான் கையைப் பொதுவாக மேற்கே நீட்டினேன். (அந்தத் திசையில் அவருடைய மோட்டார் கொட்டகைதான் இருந்தது. அவரும் திரும்பிப் பார்த்தார்.) பேசப் பேச எனக்கு வியர்த்தது. 'அது', 'அந்த எடம்', 'பொம்பளைங்க சமாச்சாரம்'. இத்தனை வருஷம் தமிழை வைத்துப் பிழைத்தவன், ஒரு சுட்டுப்பெயருக்கு மேல் வாய் திறக்க முடியாமல் தவித்தேன். கடைசியில் என்னைக் காப்பாற்றியது என் கவிதையல்ல, கடை.

"மச்சான், கடலை போடுறதுக்கு முன்னாடி வெதையில மருந்து கலக்குறீங்கல்ல?"

"வெதை நேர்த்தி. கலக்காம எப்படிப் போடுறது?"

"வேரழுகல் வந்த பொறவு கலந்தா?"

"வந்த பொறவு என்னத்தைக் கலந்து? புடுங்கிப் போட வேண்டியதுதான்." சொல்லிவிட்டு நின்றார். "அப்ப... இது வெதை நேர்த்தியா மாப்ள?"

"அதே."

"அதனாலதான் சின்ன வயசுலயே போடணுங்கிறாங்களா?"

"ஆமா மச்சான்."

அவர் தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். நரம்பை உரித்தார். சுண்ணாம்பு தடவவில்லை. வெறும் வெற்றிலையை அப்படியே கையில் வைத்துக்கொண்டு, "அக்காவுக்கு இதெல்லாம் இல்லாமப் போச்சே," என்றார். பிறகு, "சரி மாப்ள. போடலாம். எம் மருமகளுக்குப் போடலாம்."

நான் ஜெயித்துவிட்டேன் என்று எழுந்தேன்.

"ஆனா எம் மடியில."

"என்ன மச்சான்?"

"காதுகுத்துக்கு எம் மடியிலதானே உக்காந்தா? அது ஊசி, இதும் ஊசி. நாளைக்கு ஒருத்தன், தாய்மாமன் என்ன செத்தா போயிட்டான், பொண்ணைத் தனியாக் கூட்டிட்டுப் போய்க் குத்திட்டு வந்துட்டீங்கன்னு கேட்டுறக் கூடாது பாருங்க. நீங்க வேற தட்டோட வந்து கேட்டுட்டீங்க. மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"சரி மச்சான்," என்றேன். கூடவே இருந்து ஆதரவு தரப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கவிதை எழுதுகிறவர்களின் கோளாறு இது. அடுத்தவர் சொல்வதெல்லாம் உருவகம் என்று எடுத்துக்கொள்வோம்.

இனி சொல்ல வேண்டியது யாழினியிடம் மட்டும். ஊசி அவள் கையில்தான் ஏறப்போகிறது என்பதால், அவளிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். (இது இப்போது தோன்றுவது.) "ஞாயித்துக்கிழமை புதுக்கோட்டை போறோம். ஒரு ஊசி," என்றேன்.

"என்ன ஊசிப்பா?"

"காய்ச்சல் வராம இருக்க."

"என்ன காய்ச்சல்?"

"பொதுவா வர்ற காய்ச்சல்."

அவள் என்னைப் பார்த்தாள். விலை அதிகம் சொல்கிற கடைக்காரனை வாடிக்கையாளர் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் பேருந்தில் போய் இறங்கி, மருத்துவமனை வாசலுக்கு வந்தோம். சின்ன மருத்துவமனை. வாசலில் குரோட்டன்ஸ் தொட்டிகள், எதிரே டீக்கடை. நிம்மதியான காலை. அப்போது தெருமுனையில் ஒரு வேன் திரும்பியது. அதன் நெற்றியில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர்.

'எங்கள் குலவிளக்கு யாழினியின் தடுப்பூசிக்குத் தாய்மாமன் செல்லத்துரையின் சீர்வரிசை. வருக! வருக!'

பேனரில் பெரிய படம் செல்லத்துரையுடையது. குவைத்தில் எடுத்தது, கறுப்புக் கண்ணாடியோடு. சின்னப் படம் யாழினியுடையது, அவளுடைய மஞ்சள் நீராட்டு விழாவில் ஜடை அலங்காரத்தோடு எடுத்தது. அந்தப் படத்தை வீட்டில் யாரும் வெளியே எடுக்கவே கூடாது என்று அவள் தடை போட்டிருந்தாள். கீழே வாழ்த்துவோர் வரிசையில் இன்னும் பால்பல் விழாத பொடியன்கள் காதில் செல்போன் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

வேன் கதவு திறந்தது. பட்டுப்புடவைகள் இறங்கின. தட்டுகள் இறங்கின: ஆப்பிள், மாதுளை, வளையல், பட்டுப்பாவாடை, லட்டு, சத்துமாவு டப்பா. கடைசியாக, கழுத்தில் மாலையோடு ஒரு கிடாய் இறங்கியது.

"கிடா எதுக்கு மச்சான்?" என்றேன். 

"காதுகுத்துக்குக் கிடா இல்லாமப் போயிருக்கமா மாப்ள?"

யாழினி தன் அம்மாவின் முந்தானையை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். மலர் என்னைப் பார்த்து, "தட்டோட போகச் சொன்னேன். இப்படி வரச் சொல்லிட்டு வாங்கன்னா சொன்னேன்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

தட்டுகள் வரிசையாக உள்ளே போயின. வரவேற்பில் இருந்த நர்ஸ் எழுந்துவிட்டார். "டெலிவரி கேஸெல்லாம் இங்க பாக்குறதில்லைங்க. இது பிள்ளைங்க ஆஸ்பத்திரி."

"டெலிவரி இல்லம்மா. ஊசி," என்றார் செல்லத்துரை.

"யாருக்கு?"

எல்லாக் கைகளும் யாழினியை நோக்கி நீண்டன. அவள் தரையில் பதித்திருந்த டைல்ஸைப் பார்த்தாள். திறக்கிற மாதிரி ஒன்றுகூட இல்லை.

காத்திருக்கிற இடத்தில், கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒருவரிடம் செல்லத்துரை விளக்கம் ஆரம்பித்தார். "வெதை நேர்த்தி தெரியும்லங்க? வெதைக்கிறதுக்கு முன்னாடி கலக்குறது. எம் மருமகளுக்கு இன்னைக்கு அதுதான்." அந்த மனிதர் ஆர்வமாக, "எங்க பாப்பாவுக்கும் போடலாமாங்க?" என்றார். "எத்தனை மாசம்?" "எட்டு." "இது இன்னும் நாத்தங்கால்லயே இருக்கே. பொறுங்க," என்றார் செல்லத்துரை. யாழினியின் காதுகள் சிவப்பதை முந்தானைக்கு வெளியிலும் பார்க்க முடிந்தது.

மருத்துவர் பள்ளிக்கு வந்து பேசிய அதே பெண். எங்களோடு செல்லத்துரையும் உள்ளே நுழைந்ததும், "அம்மா அப்பா இருந்தா போதுங்க," என்றார்.

"அம்மா அப்பா இல்லாட்டியும் பரவாயில்லங்க. தாய்மாமன் வேணும்ல?"

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். (இது ஓடியது.)

"சரி. பாப்பா, அந்த நாற்காலியில உக்காரு."

செல்லத்துரை குறுக்கே போய் அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்தார். வேட்டியை ஒழுங்குபடுத்தினார். தொடையைத் தட்டினார். "வாத்தா. ஒக்காரு."

உருவகம் அல்ல.

யாழினி என் உயரத்தைக் கொண்டு பிறந்தவள். மாமனைவிட அரை அடி வளர்ந்திருந்தாள். "மாமா, வேணாம் மாமா," என்றாள். "மொறைத்தா," என்றார் அவர். கெஞ்சும் குரலில் சொன்னதால் அவளால் மறுக்க முடியவில்லை. பாதி நின்றபடி, பாதி உட்கார்ந்தபடி அவர் முழங்காலில் ஒண்டினாள். அவளுக்குப் பின்னால் அவர் முழுவதுமாக மறைந்துபோனார். குரல் மட்டும் வந்தது: "ம், குத்துங்கம்மா!"

அது பிளாஸ்டிக் நாற்காலி. பின்னங்கால்கள் இரண்டும் புதிதாய்ப் பிறந்த கன்றுக்குட்டியின் கால்கள் போல மெதுவாக அகன்றன. பிறகு 'படார்'. மாமன் கீழே, மருமகள் மேலே. வெளியே இருந்த பெண்கள் ஊசி போட்ட சத்தம் என்று நினைத்து, ஒன்றாகக் குலவை போட்டார்கள்.

யாழினி எழுந்தாள். யாரையும் பார்க்கவில்லை. கதவைத் திறந்து, குலவைக்கு நடுவே நடந்து, வெளியே போய்விட்டாள்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது வேனுக்குள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றி, எல்லாக் கதவுகளையும் பூட்டியிருந்தாள். ஓட்டுநர் டீக்கடையில் கையில் வடையோடு திகைத்து நின்றார். கிடாய் குரோட்டன்ஸ் தொட்டியில் பாதியை முடித்திருந்தது.

அதுவரை இது கேலிக்கூத்தாக இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. இப்படியே திரும்பிப் போனால் இந்த ஜென்மத்தில் அவள் இந்த ஊசிக்குக் கை நீட்ட மாட்டாள். மலர் 'அப்பவே சொன்னேன்ல' என்பாள். செல்லத்துரை மறுபடி தட்டு வாங்க மாட்டார். எனக்கு முழங்கைக்கு மேலே ஏற்றிய வளையல்கள் ஞாபகம் வந்தன.

கண்ணாடியைத் தட்டினேன். ஒரு விரல் அளவுக்கு இறக்கினாள்.

"பொய் சொன்னீங்கள்ல?"

"இல்லடா..."

"காய்ச்சல் ஊசிக்கு யாராவது கிடா கொண்டு வருவாங்களா? எதுக்கு இந்த ஊசின்னு ஒழுங்காச் சொல்லுங்க. அதுவரைக்கும் கதவைத் திறக்க மாட்டேன்."

கண்ணாடி ஏறிவிட்டது.

நான் தொண்டையைச் செருமினேன். "யாழி, பெண்ணுடம்புங்கிறது ஒரு தோட்டம் மாதிரி..."

அவள் காதைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தாள். கேட்கவில்லையாம்.

"தோட்டம்!" என்றேன் கொஞ்சம் சத்தமாக. "அதுல ஒரு கதவு இருக்கு. பிறப்பின் கதவு..."

மறுபடி காதைத் தொட்டாள். டீக்கடையில் பேச்சு குறைந்திருந்தது. தட்டுகளோடு உறவினர்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"உள்ள ஒரு எடத்துல வர்ற நோய்!"

கேட்கவில்லை.

"பொம்பளைங்களுக்கு வர்றது!"

கேட்கவில்லை. இப்போது அவள் கையைக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டாள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு காற்று வந்தது என்று தெரியவில்லை. இரண்டு கைகளாலும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்:

"கருப்பை வாய்ப் புற்றுநோய்! கருப்பை வாய்! அதுல வர்ற புற்றுநோய்!"

பஸ் போய்விட்டிருந்தது. தெருவில் வேறு சத்தமே இல்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்தவரின் மேல் கை மேலேயே நின்றது. ஓர் இருசக்கர வாகனம் என்னருகே வந்து நின்று, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனது. மருத்துவமனை சன்னல்கள் ஒவ்வொன்றிலும் தலைகள். மலர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று இன்றுவரை கேட்கவில்லை.

கண்ணாடி முழுவதுமாக இறங்கியது.

"பெரியம்மாவுக்கு வந்தது அதுதானே?" என்று கேட்டாள் யாழினி.

எனக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "ஆமாத்தா." செல்லத்துரை வேட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு நின்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. "தஞ்சாவூர்ல டாக்டர் அந்தப் பேரைத்தான் சொன்னாரு. ஊருல போய் அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நான்தான் வயித்துல கட்டின்னு சொல்லிவிட்டேன்."

"பெரியம்மா முன்னாடியே போய்க் காட்டியிருந்தா?"

"காட்டியிருந்தா பொழைச்சிருக்கலாம்னாரு. ரெத்தம் போறதை அது யாருட்டயும் சொல்லல. எங்கிட்ட எப்படித்தா சொல்லும்? நான் தம்பி. ஒங்காத்தாட்டயாவது சொல்லியிருக்கலாம். அதுக்கும் கூச்சம்."

மலர் வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அண்ணனும் தங்கையும் ராஜாத்தியைப் பற்றி என் முன்னால் அப்படிப் பேசியதில்லை. தங்களுக்குள்ளும் பேசியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அதற்கு ஒரு நடுத்தெரு வேண்டியிருந்தது.

யாழினி கதவைத் திறந்து இறங்கினாள். "இதைத்தான் ஸ்கூல்ல டீச்சர் எங்களுக்குப் படம் போட்டே சொல்லித் தந்தாங்க. நீங்கதான் மீட்டிங்ல ஃபேனைப் பாத்துட்டு வந்திருக்கீங்களாம்," என்று என்னிடம் சொல்லிவிட்டு, மாமன் பக்கம் திரும்பினாள். "மாமா, மடியெல்லாம் வேணாம். பக்கத்துல நில்லுங்க. அந்த பேனரை மட்டும் இப்பவே கழட்டச் சொல்லுங்க."

"கழட்டிரலாம்த்தா. கிடா?"

"கிடாவையும்."

மர முக்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். அவள் உட்கார்ந்தாள், சட்டைக் கையை மடித்தாள், செல்லத்துரை தோளைத் தொட்டபடி நின்றார். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. கண்ணை மூடியவர் அவர்தான்.

கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார் மருத்துவர். அந்த நேரத்தில் மலரைத் தனியாக அழைத்து, அக்காவுக்கு வந்ததைக் கேட்டறிந்து, "உங்க வயசுக்கு ஊசியைவிடப் பரிசோதனைதான் முக்கியம். ஒரு நாள் வந்து செஞ்சுக்கங்க," என்று சொல்லியிருக்கிறார். மலர் போனாள். தன்னோடு செல்லத்துரையின் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனாள். இருவருக்கும் ஒன்றும் இல்லை என்று வந்தது. அன்று வீட்டில் பாயசம். எதற்கு என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் மலர் நோயின் முழுப்பெயரையும் சொல்லிவிட்டுத்தான் டம்ளரை நீட்டினாள்.

சீர்த்தட்டுகள் வீணாகவில்லை. ஆப்பிளும் மாதுளையும் அங்கே காத்திருந்த பிள்ளைகளுக்குப் போயின. வளையலை நர்ஸ் போட்டுக்கொண்டார். உடைந்த நாற்காலிக்குப் பதிலாகச் செல்லத்துரை ஒரு தேக்கு நாற்காலியே செய்து அனுப்பிவிட்டார், இரண்டு பேர் தாங்குகிற மாதிரி. கிடாய் வீட்டுக்குத் திரும்பிப் போய், அதற்கு விதித்திருந்ததை வேறொரு நாளில் சந்தித்தது.

ஆறு மாதம் கழித்து இரண்டாவது ஊசிக்குச் செல்லத்துரை பேருந்தில் தனியாக வந்தார். ஆனால் அவர் ஊரில் சங்கதி வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது. தன் மகளுக்கும் ஊசி போடலாம் என்று அவர் சொன்னதும், அவருடைய மைத்துனர் சண்டைக்கு வந்துவிட்டாராம். "ஒங்க மருமகளுக்கு நீங்க வேன்ல போனீங்க. எம் மருமகளுக்கு நான் என்ன நடந்தா போவேன்?" என்று. அந்த வேனைப் பார்த்து இன்னொரு தாய்மாமனுக்கு ரோஷம் வந்தது. அவரைப் பார்த்து இன்னொருவருக்கு. பொண்ணு பாக்க வாரவங்க என்ன சொல்வார்கள் என்று பயந்தவர்கள், தாய்மாமன் என்ன சொல்வாரோ என்று பயந்து தங்கள் பெண்களுக்குப் போட்டார்கள். இப்போது அந்த மருத்துவமனை வாசலில் ஒரு பலகை இருக்கிறது: 'ஊசிக்கு வருபவருடன் தாய்மாமன் ஒருவருக்கு மட்டும் அனுமதி. ஆடு, கோழி அனுமதி இல்லை.'

எனக்குக் கிடைத்ததையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் நான் எதையாவது சுற்றிவளைத்துச் சொல்ல ஆரம்பித்தால் யாழினி காதைத் தொட்டுக் காட்டிவிட்டு, காற்றில் ஒரு கண்ணாடியை ஏற்றுவாள். மலரும் கற்றுக்கொண்டுவிட்டாள். கல்யாண வீடுகளில் செல்லத்துரை, "எங்க மாப்ள கவிதை எழுதுவாரு. ஒரே ஒரு கவிதைதான் நான் முழுசாக் கேட்டேன். தெருவே கேட்டுச்சு," என்று தொடங்கிவிடுவார். முடிவில் அந்த வரியை ஒப்பித்தும் காட்டுவார். இத்தனை வருஷம் எழுதியதில் இந்த மாவட்டம் மனப்பாடமாகச் சொல்கிற ஒரே வரி அதுதான்.

போன மாதம் ஒரு பெண் கடைக்கு வந்தார். வேப்பம் புண்ணாக்கு கேட்டார். எடுத்துக் கொடுத்த பிறகும் போகவில்லை. மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருப்பது தெரிந்தது. ஒரு பெரியவர் மட்டும் மூட்டை மேல் உட்கார்ந்து அசையாமல் இருந்தார். கடைசியில் அந்தப் பெண் பொறுமை இழந்து என்னிடம் வந்தார்.

"ஏங்க, வேனுக்கு முன்னாடி நின்னு கத்துனது நீங்கதானே?"

"ஆமாங்க."

"என்ன கத்துனீங்க? எங்க வீட்டுக்காரர்ட்ட கேட்டா சிரிக்கிறாரு, சொல்ல மாட்டேங்கிறாரு. அவுங்க அண்ணன்கிட்டக் கேட்டா எந்திரிச்சுப் போயிர்றாரு. எம் பொண்ணுக்குப் பதினோரு வயசு. என்னதான் கத்துனீங்க, சொல்லுங்க."

மூட்டை மேல் இருந்த பெரியவர் அண்ணாந்து கடைக் கூரையைப் பார்த்தார். நான் சொன்னேன். கத்தவில்லை. யூரியா என்ன விலை என்று சொல்வது போலத்தான் சொன்னேன். அது என்ன, எப்படி வருகிறது, எப்போது போட வேண்டும் என்பதையும் சொன்னேன்.

அந்தப் பெண் கேட்டுக்கொண்டார். தலையை ஆட்டினார். புண்ணாக்குப் பையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"அம்புட்டுத்தானா? இதைச் சொல்லவா ஆம்பளைங்க இந்தப் பாடு படுறீங்க?" என்று கேட்டுவிட்டு, மருத்துவமனை எந்தத் தெருவில் இருக்கிறது என்று விசாரித்தார்.